பழைய காரின் ஹீற்றர் ஹோஸ் ஒழுகினால்: வன்னி வாகன உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது, முப்பது வயதைத் தாண்டிய கார்கள் வன்னி வீதிகளில் இன்னும் அன்றாடம் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், பழைய கொரொல்லாவையோ சன்னியையோ லான்சரையோ மாற்ற நினைத்தவர்களும் கையில் இருந்ததையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. அந்தக் கார்களில் எவருமே திரும்பிப் பார்க்காத பாகம் ஒன்று உண்டென்றால், அது ஹீற்றர் ஹோஸ்தான். அதைப் பற்றி வழமையாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

இந்த வெயிலில் நாங்கள் ஹீற்றரைப் போடுவதே இல்லை. பயன்படுத்தாத ஹோஸ் எப்படிப் பழுதாகும்?

நீங்கள் ஹீற்றரைப் பயன்படுத்தாவிட்டாலும் கார் அந்த ஹோஸைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது. எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலண்ட், சூடேறி, எஞ்சினிலிருந்து ஒரு ஹோஸ் வழியாக டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் சிறிய ரேடியேற்றருக்குப் போய், மற்ற ஹோஸ் வழியாக வோட்டர் பம்புக்குத் திரும்புகிறது. அந்தச் சிறிய ரேடியேற்றரைத்தான் ஹீற்றர் கோர் என்கிறோம். பல கார்களில் சூட்டு நெம்புகோலைக் குளிர்ப் பக்கம் தள்ளினால் காற்றின் வழி மட்டுமே மாறும். கூலண்ட் ஓடுவது நிற்காது. நடுவே வால்வு வைத்த கார்களிலும், வால்வு மூடியிருந்தாலும் ஹோஸுக்குள் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

ஜப்பானியக் கார்களின் ரேடியேற்றர் மூடியில் பெரும்பாலும் 0.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலாக, ஏறத்தாழ அதன் பத்தில் ஒன்பது பங்கு அழுத்தத்தை அந்த மூடி உள்ளே பிடித்துவைக்கிறது என்பதே அதன் பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 பாகையில் கொதிக்காமல், ஏறக்குறைய 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும். ஆகவே வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஓடும் ஒவ்வொரு பயணத்திலும், மேல் ரேடியேற்றர் ஹோஸ் தாங்கும் சூட்டையும் அழுத்தத்தையும் ஹீற்றர் ஹோஸும் தாங்குகிறது. மேல் ஹோஸ் பொனற்றைத் திறந்தவுடன் கண்ணில் படும்; இது எஞ்சினுக்குப் பின்னால், எஞ்சினையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் தகட்டுச் சுவரோடு ஒட்டி மறைந்திருக்கும். கவனிக்கப்படாமல் போவதற்கு அதுவே காரணம்.

காருக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது. அது ஹீற்றர் ஹோஸ்தான் என்று எப்படி அறிவது?

முதலில் அது ஏசித் தண்ணீரா என்று பாருங்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பி வரும்போது பல கார்களின் இடப்புற முன்பகுதிக்குக் கீழே சிறு தண்ணீர்த் திட்டு இருக்கும். ஏசி போட்டு ஓடிய காரென்றால் அது பெரும்பாலும் ஏசியிலிருந்து வடியும் தண்ணீர்தான். நிறமோ மணமோ இராது, விரலில் தொட்டால் வழுவழுக்காது. கூலண்ட் பெரும்பாலும் பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் இருக்கும், விரல்களுக்கிடையே வழுக்கும், இனிப்பான மணம் வீசும். வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், அது நஞ்சு.

கூலண்டுதான் என்று தெரிந்தால், எஞ்சின் முழுவதும் ஆறிய பின், ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஹோஸ்களையும் முனையிலிருந்து முனை வரை பாருங்கள். ஒழுகும் இடம் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்றில்லை. சூடான எஞ்சினில் கசிவு உடனே ஆவியாகி, கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்தது போன்ற பொருக்கை மட்டும் விட்டுவைக்கும். அந்தப் பொருக்கு நம்பகமான சாட்சி. ஒழுகிய கூலண்ட் குழாயின் அடிப்புறமாக வழிந்து வேறோர் இடத்தில் சொட்டுவதும் உண்டு. எனவே சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும்.

இடப்புற முன் இருக்கையின் கால் விரிப்பு நனைந்து, முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் போல ஒன்று படிந்தால், குற்றம் ஹோஸில் அல்ல, ஹீற்றர் கோரில்தான். அதற்கான வழியைப் பின்னர் வரும் ஒரு விடையில் சொல்லியிருக்கிறேன்.

வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

வெளித் தோற்றத்தை நம்ப வேண்டாம். இந்த ஹோஸ்கள் இறப்பரும் நூற்பின்னலும் சேர்த்துச் செய்யப்பட்டவை. உலோகக் குழாய்க்கும் கூலண்டுக்கும் இடையே உண்டாகும் நுண்ணிய மின்வேதி வினை இறப்பரை உட்புறத்திலிருந்து அரிக்கிறது. அதுவும் கிளிப் இருக்கும் முனைக்கு அருகில்தான் அதிகம். கழற்றிய பழைய ஹோஸ் ஒன்றை நீளவாக்கில் பிளந்து பார்த்தால் இது விளங்கும். வெளித்தோல் கறுப்பாக, மெருகுகூடக் குலையாமல் இருக்கும். உட்சுவரிலோ முனையிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்கு நீளநீளமாகக் கோடுகள் கீறியிருக்கும், சில கோடுகளின் அடியில் நூலின் வெண்மை தெரியும். நூல் நனைந்துவிட்டால் அதன் வழியே கூலண்ட் ஊறி வெளித்தோலுக்கு வந்துவிடும்.

ஆறிய நிலையில், கிளிப்புக்குச் சற்றுத் தள்ளிப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். பிறகு நடுப்பகுதியை அமுக்குங்கள். முனை நடுவைவிட மெத்தென்று இருந்தாலோ, உள்ளே பள்ளங்கள் தட்டுப்பட்டாலோ, அமுக்கும்போது நொறுநொறுவென்று சத்தம் கேட்டாலோ ஹோஸின் காலம் முடிந்துவிட்டது. எண்ணெய் பட்டு ஊதிப் பிசுபிசுத்த ஹோஸையும் வைத்திருக்கக் கூடாது.

வெப்ப முள் நடுவில்தான் நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் விட்டு விட்டு ஓடலாமா?

கூடாது. வெப்பமானியின் உணரி கூலண்டுக்குள் அமிழ்ந்திருந்தால்தான் உண்மையான சூட்டைக் காட்டும். கூலண்ட் முழுவதும் வெளியேறி உணரியைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும் இருக்கும்போது, எஞ்சின் எரிந்துகொண்டிருந்தாலும் முள் கீழே இறங்கி நிற்கக்கூடும். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைவதற்கும், அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கற் போவதற்கும் அந்தச் சில நிமிடங்கள் போதும். ஒரு முழ ஹோஸுக்கும் இரண்டு கிளிப்புகளுக்கும் கொடுக்கும் பணத்தையும், ஹெட்டைக் கழற்றிச் சமப்படுத்தும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தள்ளிப்போட மனம் வராது. குறிப்பாக, ஓமந்தையைத் தாண்டிய காட்டுப் பகுதியிலும் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியிலும் இருட்டிய பின் கார் நின்றுவிட்டால், யானை நடமாடும் இடத்தில் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்க நேரிடும்.

கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

பழைய ஹோஸையே கையில் கொண்டு போங்கள். பார்க்க வேண்டிய முதல் அளவு உள்விட்டம். ஜப்பானியக் கார்களில் 16 மில்லிமீற்றர், அதாவது ஐந்தெட்டு அங்குலம், மிகப் பரவலானது. சில எஞ்சின்களில் ஒரு முனை 19 மில்லிமீற்றராக இருக்கும். ஆகவே இரு முனைகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அளவு சற்றுக் கூடிய ஹோஸைக் கிளிப்பால் இறுக்கிச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். அப்படி இறுக்கினால் இறப்பர் மடிந்து, அந்த மடிப்பின் வழியே ஒழுகும்.

வெட்டுமுகத்தைப் பாருங்கள். சுவரின் நடுவே நூற்பின்னல் வளையமாகத் தெரிய வேண்டும். நூல் இல்லாத வெறும் இறப்பர்க் குழாயும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்ரிக் குழாயும், பெற்றோல் குழாயும், காஸ் அடுப்புக் குழாயும் இந்த வேலைக்கு உதவா.

அச்சில் வார்த்து வளைவுகளோடு வரும் ஹோஸ்கள் உண்டு. நேராக மீற்றர்க் கணக்கில் வெட்டித் தரும் ஹோஸும் உண்டு. வழி நேராகவும் வளைவு அகலமாகவும் இருந்தால் நேர் ஹோஸ் போதுமானது. தகட்டுச் சுவரை விட்டு வந்தவுடனேயே செங்குத்தாகத் திரும்பும் ஹோஸ் என்றால் வார்த்ததையே தேடி வாங்குங்கள், ஏனெனில் நேர் ஹோஸ் அந்த இடத்தில் மடிந்து அடைபடும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காத வார்ப்பு ஹோஸ்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடுவிக்கலாம். ஆனால் உடைத்த வாகனத்திலிருந்து கழற்றிய பழைய ஹோஸை வாங்க வேண்டாம்; உங்களுடைய ஹோஸின் வயதுதான் அதற்கும்.

ஒன்றுதான் ஒழுகுகிறது. இரண்டையும் மாற்ற வேண்டுமா?

ஆம். இரண்டும் ஒரே நாளில் பொருத்தப்பட்டு, ஒரே சூட்டைக் கண்டவை. கூலண்டை இறக்குவதும் காற்றை வெளியேற்றுவதும்தான் இந்த வேலையில் பெரும்பங்கு. அதை இரண்டு தடவை செய்வதில் பயனில்லை. வோட்டர் பம்புக்கு அருகில் விரல் நீளத்தில் ஒரு குட்டி பைபாஸ் ஹோஸ் இருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களை வைத்திருப்பவர்கள் சிலிண்டர் ஹெட்டுக்கும் வோட்டர் பம்புக்கும் நடுவிலுள்ள அந்தக் குட்டி ஹோஸை மறக்கவே கூடாது.

பழைய ஹோஸைக் கழற்றும் முறை என்ன?

காலையில், இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில் வேலையைத் தொடங்குவதே நல்லது. மேல் ரேடியேற்றர் ஹோஸைக் கையால் அமுக்கினால் தளர்வாக அமுங்க வேண்டும். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, மூடியைத் தொடவே கூடாது. மின்விசிறி உள்ள கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் பற்றரியின் மறைமுனையைக் கழற்றிவிடுங்கள்.

அகலமான பேசின் ஒன்றை ரேடியேற்றரின் அடியில் வைத்து, அடித்திருகைத் திறந்து கூலண்டை இறக்குங்கள். ஹீற்றர் ஹோஸின் மட்டத்துக்குக் கீழே கூலண்ட் போய்விட்டால் போதும். எந்த ஹோஸ் எந்த முனையில் இருந்தது, எதற்கு மேலாகவும் எதற்குக் கீழாகவும் போனது என்பதைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

இனி வரும் படியில்தான் அதிக சேதம் நடக்கிறது. ஆண்டுக்கணக்காகச் சூடுபட்ட ஹோஸ் உலோகக் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். அதைக் குறட்டால் பிடித்து முறுக்கி இழுப்பவர்கள் பலர். தகட்டுச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹீற்றர் கோரின் குழாய்கள் மெல்லிய பித்தளையாலோ அலுமினியத்தாலோ ஆனவை. ஓர் இழுப்பில் அவை வளைந்துவிடும், அல்லது உள்ளே கோரின் பற்றுவைப்பு விட்டுப்போகும். அதன் பிறகு டாஷ்போர்ட் முழுவதையும் கழற்றாமல் எதுவும் செய்ய முடியாது. பழைய ஹோஸை எப்படியும் எறியத்தான் போகிறீர்கள். ஆகவே கிளிப்பைத் தளர்த்திப் பின்னால் தள்ளிவிட்டு, கூரிய கத்தியால் ஹோஸின் முனையை நீளவாக்கில் கீறுங்கள். குழாயில் கீறல் விழாதபடி மெதுவாக, இரண்டு மூன்று தடவையாக வெட்டி, பிறகு வாழைத்தண்டின் பட்டையை உரிப்பது போல உரித்து எடுங்கள்.

புதிய ஹோஸைப் பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உலோகக் குழாயின் முனையில் படிந்த பொருக்கையும் ஒட்டியிருக்கும் இறப்பரையும் நுண்ணிய எமரிக் கடதாசியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். அங்கே குழி விழுந்திருந்தால் எந்தப் புதிய ஹோஸும் நெடுநாள் நிற்காது.

ஹோஸைச் செங்குத்தாக, பிசிறில்லாமல் வெட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது அசையும் என்பதால் நீளத்தைச் சற்றுத் தாராளமாக விடுங்கள். ஆனால் தொங்கி எக்சோஸ்ற் மனிபோல்டையோ பெல்ற்றையோ தொடும் அளவுக்கு வேண்டாம். கிளிப்பை முதலில் ஹோஸில் கோர்த்துவிட்டுப் பிறகு ஹோஸைக் குழாயில் ஏற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் கூலண்டோ சவர்க்காரத் தண்ணீரோ தடவலாம். கிறீஸ், எஞ்சின் எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. அவை இந்த வகை இறப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். குழாயின் முனையில் உள்ள மேட்டு வளையத்தைத் தாண்டி ஏறத்தாழ ஓர் அங்குலம் ஹோஸ் உள்ளே ஏற வேண்டும். கிளிப் அந்த வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும், வளையத்தின் மேலே அல்ல.

கிளிப் பற்றியும் ஒரு சொல். காரோடு வந்த சுருள்வில் கிளிப், இறப்பர் சுருங்கினாலும் தானாகவே இறுகிக்கொள்ளும். துருப்பிடிக்காமல், விறைப்புக் குறையாமல் இருந்தால் அதையே மீண்டும் போடலாம். திருகு கிளிப் போட்டால், கார் நன்றாகச் சூடாகி ஆறிய பின் ஒரு தடவை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இறப்பர் கிளிப்பின் இடுக்குகளால் பிதுங்கி வரும் அளவுக்கு இறுக்குவது மிகை. கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வேறு வழியில்லாமல், கிடைத்ததை வைத்துக் கார் ஓடவைத்த கைகளுக்கு அது தெரிந்த வித்தை. அந்தத் திறமைக்கு என் மரியாதை உண்டு. ஆனால் கம்பி ஹோஸை அறுக்கும், இன்று கிளிப் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

கிணற்றுத் தண்ணீரை ஊற்றலாமா?

வன்னியில் பல இடங்களில் கிணற்று நீர் கடினமானது. கேத்திலின் அடியில் படியும் அதே வெண்படிவு ஹீற்றர் கோரின் நுண்குழாய்களிலும் படியும். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலப்பது பொதுவான அளவு. கலந்தே விற்கும் கூலண்ட் என்றால் அப்படியே ஊற்றலாம். நமக்குப் பனி உறைவது பற்றிய கவலை இல்லைதான், ஆனால் கூலண்டில் இருக்கும் துருத்தடுப்புப் பொருளும் கொதிநிலையை உயர்த்தும் தன்மையும் இங்கேயும் தேவை. பற்றரிக்கு ஊற்றும் சுத்த நீர் இதற்கு ஏற்றது. பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள். ஏற்கனவே இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், நிறத்தை மட்டும் பார்த்துக் கலக்காமல், முழுவதையும் இறக்கிக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

ஊற்றிய பிறகு காற்றை எப்படி வெளியேற்றுவது?

காரின் முன்பகுதி உயர்ந்திருந்தால் காற்று எளிதில் மேலே வரும். நம்முடையது சமதரை என்பதால், வீதியிலிருந்து படலைக்கு இறங்கும் சரிவில், முகப்பு வீதியைப் பார்த்தபடி காரை நிறுத்தி, கைத்தடை போட்டு, பின் ரயர்களுக்குக் கல் வையுங்கள். கழற்றிய பற்றரி முனையை மறக்காமல் மாட்டுங்கள். சூட்டு நெம்புகோலை முழுச் சூட்டுப் பக்கம் தள்ளுங்கள். கூலண்டை மெதுவாக ஊற்றி நிரப்பி, மூடியைப் போடாமல் எஞ்சினைத் தொடக்கி விடுங்கள். குமிழிகள் வரவர மட்டம் இறங்கும், இறங்கியதை நிரப்புங்கள். எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டற் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும்; அதன் பிறகும் குமிழி நிற்கும் வரை காத்திருந்து மூடியைப் போடலாம். டாஷ்போர்ட்டிலிருந்து சூடான காற்று வந்தால் ஹீற்றர் கோருக்குள் கூலண்ட் ஓடுகிறது என்று பொருள். அங்கே சலசலவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால் காற்று இன்னும் மிச்சம் இருக்கிறது. மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில் ரேடியேற்றரையும் றிசர்வ் போத்தலையும் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

ஹீற்றரையே துண்டித்துவிடலாம் என்கிறார்கள். சரியா?

ஹீற்றர் கோர் ஒழுகினால் அது ஏற்கத்தக்க வழியே. நுவரெலியாவுக்குப் போகும் நாள் தவிர ஹீற்றர் நமக்குத் தேவைப்படுவதில்லை. மார்கழி மழையில் கண்ணாடி புகாரடித்தால் ஏசி அதைத் துடைத்துவிடும். ஆனால் செய்யும் முறை முக்கியம். எஞ்சின் பக்கத்து இரு முனைகளையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே அடைத்துவிட்டால், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டற் திறக்கும் முன் கூலண்ட் சுற்றி ஓடும் வழியே அடைபட்டுவிடும். ஹோஸ் மட்டுமே பழுதென்றால் துண்டிக்க வேண்டியதில்லை. புதிய ஹோஸைப் போடுங்கள்.

மஞ்சள் தூளோ, ஒழுக்கு அடைக்கும் மருந்தோ போட்டால் போதாதா?

அவை ரேடியேற்றரில் ஊசித் துவாரத்தைச் சில நாட்கள் அடைக்கக்கூடும். விரிந்து சுருங்கும் இறப்பரில் விழுந்த வெடிப்பை அடைக்க மாட்டா. ஹீற்றர் கோரின் நுண்குழாய்களைத்தான் முதலில் அடைக்கும்.

பாதி வழியில் ஹோஸ் வெடித்தால் என்ன செய்வது?

ஆவியைக் கண்டவுடன் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த சந்தி வரை போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமே எஞ்சினைக் கொல்கிறது. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கலாம். நன்றாக ஆறிய பின், வெடிப்பு முனைக்கு அருகில் இருந்து ஹோஸில் நீளம் மிச்சம் இருந்தால், பழுதான துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் மாட்டலாம். நடுவில் வெடித்திருந்தால், இடத்தைத் துடைத்துக் காயவைத்து, பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துப் பல சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். அல்லது, நல்ல நிலையில் உள்ள ஹோஸை எஞ்சினின் இரு முனைகளுக்கும் குறுக்கே மாட்டிவிடலாம். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரையே நிரப்பி, ரேடியேற்றர் மூடியை முதல் வெட்டில் மட்டும் நிறுத்தினால் அழுத்தம் ஏறாது. அப்படி மெதுவாக ஓட்டி, இடையிடையே நிறுத்தி மட்டம் பார்த்து, அண்மையிலுள்ள கராச் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். சூட்டைக் குறைக்க ஹீற்றரைத் திறந்துவிடும் உபாயம் கூலண்ட் இருக்கும் எஞ்சினுக்குத்தான் பொருந்தும். ஹீற்றர் ஹோஸே ஒழுகும்போது அது உதவாது.

இறக்கிய பழைய கூலண்டை எங்கே ஊற்றுவது?

நிலத்திலும் வாய்க்காலிலும் கிணற்றடியிலும் ஊற்றவே கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் கோழியும் குடிக்க வரும். சிறு அளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். பேசினில் திறந்தபடி விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். மூடியுள்ள கலனில் ஊற்றி, பெயரெழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் கராச்சில் கேட்டுப் பாருங்கள். குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். எவராவது குடித்துவிட்டால், அவர் நலமாகத் தெரிந்தாலும் காத்திராமல், வாந்தி எடுக்கவைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்; கலனையும் கையோடு எடுத்துச் சென்றால் வைத்தியருக்கு உதவும்.

ஹோஸை மாற்றிய பிறகும் கூலண்ட் குறைகிறது. ஏன்?

முதல் ஓரிரு நாட்களில் சிறிது குறைந்தால், உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறியதாக இருக்கலாம். தொடர்ந்து குறைந்தால் கிளிப்புகளை மீண்டும் பாருங்கள், கால் விரிப்பைத் தொட்டுப் பாருங்கள், ரேடியேற்றர் மூடியின் இறப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஹோஸ் பழைய ஒழுக்கை அடைத்ததும் அழுத்தம் முழுமையாக ஏறும். அதுவரை மறைந்திருந்த வேறொரு பலவீனமான இடம் அப்போதுதான் வாய் திறக்கும். வோட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தால் கூலண்ட் கசிந்தால் பம்பை மாற்ற வேண்டும். வெளியே எங்கும் ஈரமில்லாமல் கூலண்ட் குறைந்து, எஞ்சின் சூடான பின்னும் புகைக்குழாயிலிருந்து இனிப்பு மணத்தோடு வெண்புகை வந்தாலோ, எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தாலோ, ஹெட் காஸ்கற்றைச் சோதிக்கும் வரை அந்தக் காரை ஓட்டாதீர்கள்.